ஒரு வீடு பாக்கி

"சாமி, கடன்லேர்ந்து விடுதலை அடைய என்ன வழி?"

"எந்தக் கடன்? பிறவிக் கடனா?"

"இல்ல சாமி. கிரெடிட் கார்டு."

இளையசாமி ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக் கீரையைத் தட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். முக்திக்கு வழி கேட்டு அந்த மடத்துக்கு நிறையப் பேர் வந்ததுண்டு. இந்தக் கேள்வி புதுசு. அவருக்கு ஆசையாகிவிட்டது.

"உட்காருங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க."

கேட்டவர் தில்லைக்கூத்தன். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர், ஐம்பதைத் தாண்டியவர். சாமிக்கு முப்பத்தைந்து இருக்கலாம். பழைய சாமி சமாதியானபின் வந்தவர் என்பதால் ஊருக்கு அவர் இளையசாமி. தம்பி வயதுக்காரர் முன்னால் கைகட்டி நிற்க, வேறொரு சமயமென்றால் கூத்தன் கூச்சப்பட்டிருப்பார். கடன் வந்தபின் அந்தக் கூச்சமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"எத்தனை கார்டு?"

"மூணு சாமி. ஒண்ணை வச்சு இன்னொண்ணை அடைப்பேன்."

"மூணாவது?"

"அது மளிகைக்கு."

சாமி சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியது மட்டும் தெரிந்தது.

"மாசா மாசம் கட்டுறீங்களா?"

"தவறினதே இல்ல. மினிமம் கட்டினா போதும்னு சொல்றாங்க. அதைக் கட்டிடுவேன்."

"போதும்னா, யாருக்குப் போதும்?"

கூத்தன் தட்டிலிருந்து ஒரு கீரைக் கொத்தை எடுத்து ஆய்ந்தார். 

"வட்டி?"

"மாசம் மூணரை."

"உங்க ஊர்ல எவனாவது கந்துவட்டிக்காரன் மூணு வட்டிக்குத் தர்றேன்னா வாங்குவீங்களா?"

"சிவ சிவா! அவன் வாசப்படியை மிதிப்பேனா?"

"மிதிக்க மாட்டீங்க," என்றார் சாமி. "வீட்டுல தெரியுமா?"

கூத்தன் தரையைப் பார்த்தார்.

"தெரியாது. சம்பளத்துல குறையுற பணம் சீட்டுக்குப் போகுதுன்னு சொல்லி வச்சிருக்கேன். அடுத்த மாசம் சீட்டுப் பணம் வந்ததும் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டலாம்னு குணவதி காத்துக்கிட்டிருக்கா."

"சரி, சீட்டுப் பணம் வரட்டும்."

"சீட்டே இல்ல சாமி."

இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. பாவம், முதல் தடவையாக வெளியே சொல்கிறார்.

சாமி கொஞ்ச நேரம் கீரைக் காம்பைக் கிள்ளினார்.

"வட்டியைக் குறைச்சுக்கச் சொல்லிக் கேட்டீங்களா?"

"யார்கிட்ட?"

"கார்டு குடுத்தவங்ககிட்டதான்."

"அதெப்படி சாமி கேக்கறது? நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

சாமி எழுந்து உள்ளே போனார். திருவோட்டோடு வந்தார்.

"மடத்துல அரிசி தீர்ந்துபோச்சு. நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே? பிச்சை எடுத்துட்டு வாங்க."

கூத்தனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் வழி கேட்டு வந்தவர் அவர்தானே.

"எந்தத் தெருவுல சாமி?"

"உங்க தெருவுல."

*

ஞாயிறு காலை, இருபது வருடமாகத் தான் வாக்கிங் போகிற தெருவில் தில்லைக்கூத்தன் ஓட்டோடு நின்றார். ஓட்டின் மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தார். மூடினால் யாரும் அரிசி போட முடியாது என்பது முதல் வீட்டில்தான் புரிந்தது.

"என்ன சார், திருப்பதி வேண்டுதலா?" என்றார் அந்த வீட்டுக்காரர்.

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"இல்ல. மடத்துக்கு அரிசி."

ஒரு டம்ளர் அரிசி விழுந்தது.

அடுத்த வீட்டில், "கை வேலையா இருக்கேன், அப்புறம் வாங்க," என்று ஒரு குரல் மட்டும் வந்தது. அதற்கடுத்த வீட்டுக்காரி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு கைப்பிடி போட்டுவிட்டுப் போனாள். ஒரு வீட்டில் ஜன்னல் சாத்தப்பட்டது. இன்னொரு வீட்டில் ஒருவர், "மடத்துக்கா, உங்களுக்கா?" என்று கேட்டார். கூத்தன் ஓட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

வேடிக்கை என்னவென்றால், பாதித் தெரு தாண்டியதும் பயம் போய்விட்டது. அடுத்த வீட்டில் என்ன சொல்வார்கள் என்று பார்க்கிற ஆவல் வந்துவிட்டது. கஞ்சன் என்று பேரெடுத்தவர் அள்ளிப் போட்டார். கூத்தனோடு தினமும் காப்பி குடிக்கிற நண்பர் இல்லையென்று கையை விரித்தார்.

ஒரே ஒரு வாசலைத் தாண்டும்போது மட்டும் அவர் நடை வேகமானது.

*

சாமி அரிசியை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்கினார்.

"இல்லைன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க சாமி."

"அப்போ என்ன ஆச்சு?"

கூத்தன் யோசித்தார்.

"ஒண்ணும் ஆகல. அடுத்த வீட்டுக்குப் போனேன்."

"ம்," என்றார் சாமி. அன்றைக்கு அவ்வளவுதான்.

மறுநாள் மதியம், அலுவலக மாடிப்படியில் நின்று கூத்தன் கார்டு கம்பெனிக்குப் போன் செய்தார். வட்டியைக் குறைக்க முடியுமா என்று கேட்டார். போனை எடுத்த பெண் முடியாது என்றாள். கூத்தன் வைக்கவில்லை. உங்களுக்கு மேலே இருப்பவரிடம் கொடுங்கள் என்றார். அவரும் முடியாது என்றார். அவருக்கும் மேலே இருந்தவர் கொஞ்சம் இழுத்தடித்துவிட்டுச் சொன்னார்: கார்டைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, பாக்கி மொத்தத்தையும் மாதத் தவணையாக மாற்றிக்கொண்டால் ஒன்றரை வட்டி. மற்ற இரண்டு கம்பெனிகளிலும் இழுபறிக்குப் பிறகு அதே கதைதான்.

சாயங்காலம் மடத்துக்கு ஓடினார்.

"சாமி, மூணரை ஒண்ணரை ஆயிடுச்சு! வெறுமனே கேட்டேன், குறைச்சுட்டாங்க!"

"நல்லது. அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

கூத்தனின் சந்தோஷம் அங்கேயே இறங்கிவிட்டது.

"தவணை பெருசா வருது. மினிமம் மாதிரி இல்ல. மாசா மாசம் அவ்வளவு எடுத்தா குணவதி கேப்பா."

"தெருவுல எல்லா வீட்டுக்கும் போனீங்களா?"

"போனேனே."

"ஒரு வீடு பாக்கி."

கூத்தனுக்குப் புரிந்தது. 

"அங்க மட்டும் வேணாம் சாமி. தெருவே இல்லைன்னு சொன்னாலும் தாங்கிடுவேன். அவ சொன்னா, எனக்கு அடுத்த வீடு கிடையாது."

சாமி எழுந்தார். திருவோட்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

*

குணவதி கதவைத் திறந்தாள். ஓட்டைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏதோ மடத்துக்குன்னு தெருவெல்லாம் கேட்டீங்களாமே. எதிர் வீட்டுல சொன்னாங்க. நம்ம வீட்டு அரிசி மட்டும் ஆகாதா?"

"அரிசி கேட்டு வரல."

"பின்ன?"

வாசலில் நின்றபடியே சொன்னார். மூன்று கார்டு. சோபா, ஃபிரிட்ஜ், மச்சினன் கல்யாணத்துக்குச் செய்த சீர், பிறகு மளிகை. ஒன்றை வைத்து ஒன்றை அடைத்தது. மொத்தத் தொகையையும் சொன்னார். சீட்டு என்று ஒன்று கிடையாது என்பதைக் கடைசியில் சொன்னார்.

குணவதி கதவைப் பிடித்துக்கொண்டாள். 

"வட்டி?"

"மூணரையா இருந்துச்சு. பேசி ஒண்ணரைக்குக் கொண்டு வந்திருக்கேன்."

"நகைக்கு பேங்க்ல என்ன வட்டி?"

"முக்கால்."

"லாக்கர்ல சும்மா கிடக்குற நகைக்கு வருஷா வருஷம் வாடகை கட்டுறோம். நகைக் கடனைவிட நாலு மடங்குக்கு மேல வட்டியை வெளியில கட்டியிருக்கீங்க. ஆபீஸ்லயும் இப்படித்தான் கணக்குப் பாக்குறீங்களா?"

"உன்கிட்ட நகையைக் கேக்கணும்னா கடனைச் சொல்லணும். அதான் கேக்கல."

"இப்பக் கேக்குறீங்களா?"

"கேக்குறேன்."

அவளுக்குக் கண் கலங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"நகையைத் தர்றேன். கார்டு மூணையும் அடைச்சு, பொண்ணு ஃபீஸையும் அதுலயே கட்டிடுவோம். அடகு என் பேர்ல. மீட்டு முடியறவரைக்கும் சம்பளம் என் கையில."

"சரி."

"கார்டு மூணையும் இங்க குடுங்க."

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். கதவை மட்டும் விடவில்லை.

"தினமும் ராத்திரி சோறு போடும்போது சீட்டுப் பணத்தைப் பத்திப் பேசுவேன். நீங்களும் தலையை ஆட்டுவீங்க. அதுக்கு என்ன வட்டி?"

கூத்தனுக்கு அழுகை வந்துவிட்டது.

"தெரியல, குணா."

"அந்த வட்டியை நான் போடுறேன்," என்றாள். "உள்ள வாங்க."