நன்மை வாங்காத சேர்மன்

"சந்தியாகு என்ன பாவம் செஞ்சான்?"

வந்ததும் வராததுமாக வெயிலுமுத்து கேட்ட கேள்வி இது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மலைமேல் ஆசிரமத்துப் பாதிரியார் இன்னாசி சாமி கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"உட்காரும் அண்ணாச்சி. மூச்சு வாங்குது உமக்கு."

மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? ஊரிலிருந்து ஆசிரமத்துக்கு ரோடு கிடையாது. கல்லும் முள்ளுமாக ஒரு ஏற்றம், அவ்வளவுதான். எழுபதை எட்டிப் பிடிக்கிற வயதில் அதில் ஏறி வருவது லேசா?

ஊருக்கே சேர்மனாக இருந்தும், தான் ஞாயிறு தவறாமல் பூசை காண வந்த இடத்துக்குச் சந்தியாகு ஒரு ரோடு போட்டுக்கொள்ளவில்லையே என்று வேறு யாராவது இருந்தால் நினைத்திருப்பார்கள்.

வெயிலுமுத்து அப்படி நினைக்கிற ஆள் இல்லை. ரோடு போடாமல் விட்டதும் ஊர் பார்க்கத்தானே என்று நினைத்தார். அப்படி ஒரு மனசு அவருக்கு.

சந்தியாகு செத்து ஒரு மாதம் ஆகப்போகிறது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரில் நினைவுக் கூட்டம். சந்தியாகுவின் மனைவி ஞானசுந்தரி நேரில் வந்து, நீங்கதான் பேசணும் அண்ணாச்சி, அப்படித்தான் அவுக சொல்லிட்டுப் போனாவ என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள்.

அங்கேதான் வெயிலுமுத்துவுக்குச் சந்தேகம் பிடித்தது. ஊரில் பேச ஆளா இல்லை? பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவனைக் கூப்பிட்டு மேடை ஏற்றுவது எதற்கு? ஏதோ ஒரு கறை இருக்கிறது, அதைத் துடைக்கத் தன் துண்டு கேட்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்.

கறை உண்டு என்று ஊரும் பேசத்தான் செய்தது.

பூசையில் சாமியார் ஆளுக்கொன்றாகக் கொடுக்கிற அப்பத்தை வேதக்காரர்கள் நன்மை என்பார்கள். சந்தியாகு கடைசிக் காலத்தில் அந்த நன்மையை வாங்கவே இல்லை. ஆசிரமத்துக் கோயிலில் கடைசிப் பாயில் போய் உட்கார்ந்துகொள்வார். மற்றவர்கள் எழுந்து போய் வாங்குவார்கள். அவர் தலை நிமிராமல் இருப்பார். பெரிய பாவம் செய்தவன்தான் அப்படி வாங்காமல் இருப்பான் என்று ஊருக்குத் தெரியும். என்ன பாவம் என்றுதான் தெரியவில்லை.

காண்டிராக்டரிடம் கை நீட்டிவிட்டார் என்றது ஒரு வாய். வெளியூரில் ஒரு குடும்பம் என்றது இன்னொரு வாய். வெயிலுமுத்து இரண்டையும் காது குளிரக் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் ரெண்டு பேரிடம் சொல்லவும் செய்தார்.

இத்தனைக்கும் ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒருத்தர் கல்யாணத்துக்கு இன்னொருத்தர் பந்தி பரிமாறியவர்கள்.

கெட்டது வாய்க்காலால்.

கீழத்தெரு மழைக்கு மழை முங்கும். சட்டியும் பானையும் மிதக்க, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து மாடிக்கு ஓடுவார்கள். வாய்க்காலை ஆளாளுக்கு அமுக்கிக் கட்டியிருந்ததுதான் காரணம். சேர்மன் ஆனதும் சந்தியாகு அதைத் திறக்கப் போகிறேன் என்றார். முதலில் இடித்தது தன் கோயில் மதிலை, அதுவும் மாதா சொரூபம் வைத்த கெபியை ஒட்டினாற்போல இருந்த மதிலை. இடிக்குமுன் அங்கே முழங்காலில் நின்று கும்பிட்டுவிட்டு, இயந்திரக்காரனுக்குக் கை காட்டினார். அடுத்தது அவர் வீட்டு முன்கட்டு. அதற்கடுத்து வெயிலுமுத்துவின் அரிசி ஆலை மதிலும், நெல் காயப்போடுகிற களத்தில் பாதியும்.

கோயில் மதிலை இடித்ததே என் மதிலை இடிக்கத்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார் வெயிலுமுத்து. கோயில் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதால்தான் சந்தியாகு ஊர்க் கோயிலை விட்டு மலைமேல் ஆசிரமத்துக்குப் போக ஆரம்பித்தார். அதையும் வெயிலுமுத்து நடிப்பு என்றார். அடுத்த தேர்தலில் சந்தியாகு தோற்றும் போனார்.

கீழத்தெருவில் அதன்பிறகு தண்ணீர் ஏறவில்லை. அதை மட்டும் இவர் எங்கேயும் சொன்னதில்லை.

இன்னாசி சாமி குழாயை மூடிவிட்டு வந்தார். வெயிலுமுத்துவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஒல்லி உடம்பு, காவி வேட்டி, காலெல்லாம் சேறு.

"சொல்லும் சாமி. அவன் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செஞ்சது உம்ம கிட்டதான். உமக்குத் தெரியாம இருக்காது."

"தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. தெரியாட்டாலும் சொல்லக் கூடாது."

"அப்போ நாளைக்கு நான் பேச மாட்டேன். கூட்டத்துக்கே போக மாட்டேன்."

"போகாட்டா?"

"ஊரு புரிஞ்சுக்கும்."

அது வெறும் மிரட்டல் இல்லை. கூடப் படித்தவனே மேடைக்கு வரவில்லை என்றால் ஊருக்கு வேறு சாட்சி வேண்டாம். சந்தியாகு பெயர் அன்றோடு போச்சு. ஞானசுந்தரி தெருவில் தலை காட்ட முடியாது. வெயிலுமுத்துவுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஏறி வந்திருந்தார்.

சாமி காலில் இருந்த சேற்றைக் கழுவினார். பிறகு, பொழுது சாயப்போகிறது, இந்த ஏற்றத்தில் இனி இறங்க வேண்டாம், ராத்தங்கிவிட்டுக் காலைப் பூசை முடிந்து போகலாம் என்றார்.

வாயை அடைக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டே வெயிலுமுத்து தங்கினார்.

கஞ்சியும் துவையலும் கொடுத்தார்கள். இரண்டாவது தரம் ஊற்ற வந்தபோது, இவ்வளவு உபசாரம் எதற்கு என்று நினைத்தார். ஆனாலும் குடித்தார். பசி.

ஊற்ற வந்தவரிடம் சந்தியாகுவைப் பற்றி மெல்ல நூல் விட்டுப் பார்த்தார். அவர் சொன்னது இதுதான். சேர்மன் இங்கே வந்தால் பாத்திரம் தேய்ப்பார். நகராட்சிக் கூட்டம் தொடங்குமுன் நாற்காலிக்குப் பின்னால் நின்று கண்ணை மூடுவாராம், எதிர்க்கட்சிக்காரர்கள் கொட்டாவி விட்டுக் காட்டுவார்களாம், அதை இவரே வந்து சொல்லிச் சிரிப்பார். ஓட்டுக்காகக் கோயில் வாசலில் நின்றதில்லை. சிலுவை போட்டு நோட்டீஸ் அடித்தவர்களிடம் எல்லாவற்றையும் கிழிக்கச் சொல்லிவிட்டார்.

நல்லா சொல்லிக் கொடுத்து வச்சிருக்காங்க என்று நினைத்தபடி வெயிலுமுத்து கையைக் கழுவினார்.

படுக்கப் போகுமுன் சாமியை இன்னொரு தரம் மடக்கினார். பாவத்தைச் சொல்ல வேண்டாம், பெரிசா சின்னதா என்று மட்டும் சொல்லும் என்றார்.

"நாளைக்குப் பூசைக்கு வாரும்" என்றார் சாமி.

காலையில் கோயில் நிறைந்துவிட்டது. கோயில் என்றால் ஓலை வேய்ந்த கொட்டகைதான். சுற்றுப்பட்டிச் சனங்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வெயிலுமுத்துவுக்கு முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். நம்மைக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துக்கொள்கிறார்கள் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

பூசை தொடங்கவில்லை. பாய்க்குப் பாய் ஆட்கள் திரும்பி ஒருவரோடொருவர் ஏதோ கிசுகிசுத்தார்கள். கேட்டவர் தலையாட்டினார். பிறகு அவர் கேட்டார், இவர் தலையாட்டினார். வெயிலுமுத்துவுக்கு உடம்பு கூசியது. நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள், இவன்தான் சேர்மனைத் தெருவில் இழுக்க வந்தவன் என்று காட்டிக் கொடுக்கிறார்கள்.

இன்னாசி சாமி பூசை உடுப்போடு வந்தார். பீடத்துக்குப் போகவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து அதே கிசுகிசுப்பைக் கேட்டுக்கொண்டு வந்தார். கடைசியாக வெயிலுமுத்து முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, உமக்கு என்மேல மனத்தாங்கல் ஏதும் உண்டா?"

இதென்ன கேள்வி? வெயிலுமுத்துவுக்கு நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்தது அத்தனையும் பொங்கிக்கொண்டு வந்தது.

"உண்டு" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "ஒரு நேரான கேள்விக்கு நேரான பதில் சொல்லாத ஆளு மேல மனத்தாங்கல் இல்லாம எப்படி இருக்கும்?"

சாமி சரி என்பதுபோலத் தலையசைத்தார்.

எழுந்தார். தோளில் கிடந்த பட்டியை எடுத்தார். பூசை உடுப்பைக் கழற்றினார். மடித்துப் பீடத்தின் ஓரத்தில் வைத்தார்.

சனங்களைத் தாண்டி நடந்துபோய்க் கடைசிப் பாயில் உட்கார்ந்துவிட்டார்.



வெயிலுமுத்து காத்திருந்தார். வேறு சாமியார் வருவாரோ என்று வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை. வெயில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை, கறி வாங்கப் போக வேண்டியவர்கள் இருந்தார்கள், பால் பிள்ளைக்காரிகள் இருந்தார்கள். ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை.

பக்கத்துப் பாயில் மினிபஸ் ஓட்டுகிற வேதமாணிக்கம் இருந்தார். அவரிடம் வெயிலுமுத்து குனிந்து கேட்டார். "என்னவே இது? பூசை எப்போ?"

"நீரு உண்டுன்னு சொல்லிட்டீரே. அது தீர்ற வரைக்கும் சாமி பீடத்துக்குப் போக மாட்டாரு. நன்மையும் எடுக்க மாட்டாரு. இங்க எல்லாருக்கும் அப்படித்தான்."

"கோபம் எனக்குவே. பின்னால போய் உட்காரணும்னா நான்லா உட்காரணும்?"

"இல்ல அண்ணாச்சி. கோபம் யாரு மேலயோ அவுகதான் போகணும். நம்மமேல ஒருத்தருக்கு வருத்தம் இருக்கும்போது, நாம எப்படி முன்னால போய்க் கை நீட்டுறது?"

"அவரு மேல தப்பே இல்லாட்டா?"

"தப்பு யாரு கேட்டா? மனத்தாங்கல் உண்டா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி."

வெயிலுமுத்து இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். திரும்பிக் கடைசிப் பாயைப் பார்த்தார்.

எழுந்தார். சனங்கள் வழிவிட்டார்கள். கடைசிப் பாய்க்குப் போய்ச் சாமி முன்னால் நின்றார்.

"எழுந்து வாரும் சாமி. எனக்கு உம்மமேல ஒண்ணும் இல்ல."

"நெசமாவா, இல்ல பூசை நடக்கணுமேன்னு சொல்றீரா?"

"நெசமா."

சொல்லிவிட்டு அப்படியே சாமி பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"சந்தியாகு எங்க உட்காருவான்?"

"நீர் உட்கார்ந்திருக்கிற இடத்துலதான்."

"எப்போ இருந்து?"

"அவர் தோத்த எலெக்‌ஷனுக்கு முந்தின வாரம் வரைக்கும் முன்னாலதான் இருந்தாரு."

வெயிலுமுத்துவின் முகம் கோணியது. அழுகையை அடக்கிப் பழகாத முகம். அழுதே பழகாத முகம் என்று சொல்ல வேண்டும்.

"எலெக்‌ஷனுக்கு மொத நாள் சாயங்காலம் எங்க வீட்டு வாசலுக்கு வந்தான் சாமி. தனியாத்தான் வந்தான். கதவைத் திறக்கல நான். கேட்டுக்கு அந்தப்பக்கம் நின்னுக்கிட்டு, 'வெயிலு, உனக்கு என்மேல மனத்தாங்கல் உண்டா'ன்னு கேட்டான்."

வெயிலுமுத்து தோளில் கிடந்த துண்டை உருவிக் கையில் எடுத்தார்.

"ஓட்டுக்கு வந்திருக்கான்னு நெனச்சேன்."

"என்ன சொன்னீரு?"

"'உண்டுவே. என் கட்டை வேகுற மட்டும் உண்டு'ன்னேன். சரி வெயிலுன்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

முன்னால் இருந்த ஒருத்தி பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். வெளியே ஆடு கத்தியது. வெயிலுமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"கோபத்துல எல்லாரும் சொல்ற வார்த்தைதானே சாமி அது. ஒரு பேச்சுக்குச் சொன்னது. ஊருக்கே சேர்மனா இருந்தவன், எத்தனை பேர் பேச்சைக் கேட்டவன், என் பேச்சை மட்டும் அப்படியே நம்பிட்டானா?"

இன்னாசி சாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீர் சொன்ன எதையும் அவர் சந்தேகப்பட்டதே இல்லை, அண்ணாச்சி" என்றார்.