டீச்சர் மகளுக்கு எந்த ஸ்கூல்?

குளித்தலைப் பக்கம் ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம். அங்கே இருக்கிற அருளாண்டி சாமிக்குச் சீடர்கள் என்று பார்த்தால் நாலைந்து பேர்தான். அதில் செல்லப்பிள்ளை தில்லைநாயகி. பக்கத்து ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் டீச்சர். ஒரே அதட்டலில் வகுப்பையே உட்கார வைக்கிறவள், சாமி முன்னால் மட்டும் குழந்தையாகிவிடுவாள்.

அன்றைக்கு வந்தவள் கும்பிடக்கூட மறந்துவிட்டாள்.

“சாமி, நறுமுகையை ஒண்ணாங் கிளாஸ்ல சேர்க்கணும். அவங்கப்பா டவுன்ல பிரைவேட் ஸ்கூல்ல சொல்லி வச்சுட்டாரு. நாளைக்குள்ள முடிவு சொல்லணுமாம். அங்க சேர்க்கிறதா, என் ஸ்கூல்லயே சேர்க்கிறதா? தூக்கமே போச்சு சாமி.”

“இப்ப எங்கேருந்து வர்றே?”

“வீடு வீடாப் போயிட்டு வர்றேன். எங்க ஸ்கூல்ல புள்ளைங்களைச் சேருங்கன்னு கேக்கத்தான்.”

சாமிக்குக் குஷி வந்துவிட்டது. தோள் துண்டை எடுத்துத் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டார்.

“நான்தான் அடுத்த வீட்டுக்காரன். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு. எங்கே, கேளு.”

“விளையாடாதீங்க சாமி.”

“வாங்க டீச்சர், உக்காருங்க. டவுன் ஸ்கூல்லேருந்து வாசலுக்கே வேன் வருதாமே? டை எல்லாம் கட்டி விடுறாங்களாமே? உங்ககிட்ட என்ன இருக்கு?”

டீச்சருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விளையாட்டு என்பதே மறந்துபோனது.

“டை கட்டினாப் படிப்பு வந்துருமா? எங்ககிட்ட அனுப்புங்க. காலையில சுடச்சுடச் சாப்பாடு போட்டுட்டுத்தான் பாடமே. உங்க பொண்ணு எதுக்கு அழுவா, எதுக்குச் சிரிப்பான்னு எனக்குத் தெரியும். காய்ச்சல்னு மேல் காய்ஞ்சா என் மடியிலதான் படுத்திருக்கும்.”

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

“சேர்த்தாச்சு!” என்று சாமி கைதட்டிச் சிரித்தார். “அடடா, என்னமாப் பேசுறே! இவ்வளவு நல்ல ஸ்கூலுக்கு உன் பொண்ணை அனுப்ப என்ன பயம் தாயி?”

அவ்வளவுதான். டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அஞ்சு கிளாஸுக்கு நாங்க ரெண்டே பேரு சாமி. நான் சின்னதுகளுக்கு அ, ஆ சொல்லிக் குடுக்கிற நேரம், மூணாங் கிளாஸ் சும்மாவே உக்காந்திருக்கும். இன்னமும் எழுத்துக்கூட்டத் தெரியாத புள்ளைங்க அங்க இருக்கு. நாளைக்கு நறுமுகையும் அப்படி உக்காந்திருப்பாளேன்னு நினைச்சா வயித்தைக் கலக்குது.”

“இதை அந்த வீடுகள்ல சொன்னியா?”

“சொன்னா யாரு சேர்ப்பாங்க?”

சாமி முண்டாசை அவிழ்த்தார். உள்ளே போய்ச் சுக்குக் காப்பி எடுத்துவந்து, ஆற்றி அவள் கையில் கொடுத்தார். பாதி குடித்துவிட்டு அவள் கேட்டாள்.

“கோவமா சாமி?”

“உன்மேல எனக்கு ஏது கோவம்? உன் மனசு எங்கே ஒப்புதோ அங்கேயே உன் பொண்ணைச் சேரு. நான் குறுக்கே ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அவளுக்காக வயிறு கலங்க நீ இருக்கே.”

டீச்சர் நிம்மதியாக நிமிர்ந்தாள்.

சாமி அவள் தலையில் கை வைத்தார்.

“அந்த மூணாங் கிளாஸ் புள்ளைங்களுக்காக யாருக்குத் தாயி வயித்தைக் கலக்குது?”