மூலையில் வைத்த ராணி

ஹேமலதா ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆள் எடுப்பவர். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் சபரிநாதன். கெட்டிக்காரன்தான். சந்தேகப்படுவதில் இன்னும் கெட்டிக்காரன்.

பூங்கோதையின் பயோடேட்டாவைப் புரட்டியதுமே உதட்டைப் பிதுக்கினான்.

"கோச்சிங் சென்டர் கேஸ் மேடம். எல்லாம் மனப்பாடமா இருக்கும்."

ஹேமலதா அவளை உள்ளே அனுப்பச் சொன்னார்.

பூங்கோதை உள்ளே வந்தாள். படிப்பு முடிந்து ஒரு வருடமாக வேலை தேடி அலைகிற பெண். ஹேமலதா பலகையில் நான்குக்கு நான்கு கட்டம் போட்டார்.

"வரிசைக்கு ஒரு ராணி வைம்மா. செஸ்ல மாதிரி நேராவோ குறுக்காவோ சாய்வாவோ ஒண்ணை ஒண்ணு வெட்டக் கூடாது. மாட்டிக்கிட்டா கடைசியா வெச்சதை எடுத்துட்டு வேற இடம் பாரு. அதுவும் சரிவரலைன்னா அதுக்கு முன்னாடி வெச்சதை எடு. முதல்ல கையால போடு, அப்புறம் கோட் எழுதலாம்."

பூங்கோதை கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தாள். முதல் ராணியை இரண்டாவது கட்டத்தில் வைத்தாள். மற்ற மூன்றும் அழிக்காமலே அமைந்துவிட்டன.

அவளை வெளியே உட்காரச் சொன்னதும் சபரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"பார்த்தீங்களா? எல்லாரும் மூலையிலதான் ஆரம்பிப்பாங்க. இவ ஒரு தடவைகூட அழிக்கல. விடை தெரிஞ்சே வந்திருக்கா."

"அவகிட்ட கேட்டியா?"

"கேட்டா உண்மையைச் சொல்லிடுவாளா மேடம்?"

ஹேமலதா அவளை மறுபடி அழைத்தார். இந்த முறை ஆறுக்கு ஆறு.

பூங்கோதை மூலையில் ஆரம்பித்தாள். பாதியில் மாட்டிக்கொண்டாள். அழித்தாள், வைத்தாள், மறுபடி அழித்தாள். டஸ்டரைத் தேடப் பொறுமையில்லாமல் கையாலேயே துடைத்தாள். கடைசியில் மூலை ராணியையும் துடைத்தாள்.

"சாரி மேடம், முதல்ல வெச்சதே தப்பு."

பிறகு ஆறும் அமைந்தன. உள்ளங்கை முழுக்க நீல மையோடு வெளியே போனாள்.

"நடிப்பு," என்றான் சபரி. "நாம சந்தேகப்படுறது தெரிஞ்சுபோச்சு. வேணும்னே தப்பா வெச்சு அழிக்கிறா."

பாவம், அந்தப் பெண் என்னதான் செய்வாள்?

"அழிக்கலைன்னா?" என்று கேட்டார் ஹேமலதா.

"மனப்பாடம்."

"அழிச்சா?"

"நடிப்பு."

"இன்னைக்கு உன் முடிவுதான் மேல போகப் போகுது. வேண்டாம்னு சொன்னா அவ ஊருக்கு பஸ் ஏறிடுவா. சொல்லிடலாமா?"

"சொல்லிடலாம் மேடம்."

ஹேமலதா எழுந்து பலகையைத் துடைத்தார். நான்குக்கு நான்கு கட்டம் போட்டு, மூலையில் ஒரு ராணியை வைத்தார்.

"மீதி மூணையும் நீ வை. மூலையைத் தொடாதே."

சபரி வைத்தான். எடுத்தான். இடம் மாற்றி வைத்தான். காது சிவந்தது.

"எங்க வெச்சாலும் வெட்டுது மேடம். மூலையில இருக்கிறதை எடுத்தாதான் வரும்."

மார்க்கரைத் திருப்பிக் கொடுத்தபடி அவனே கேட்டான்: "அப்ப யோசிச்சேதான் மூலையை விட்டாளா? மனப்பாடம் பண்ணலையா மேடம்?"

"பண்ணியும் இருக்கலாம். எனக்கு என்ன தெரியும்?"

ஹேமலதா மார்க்கரை மூடி மேஜையில் வைத்தார்.

"மூலையில இருக்கிறது நான் வெச்சது. அவ கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடியே நீ மனசுல ஒண்ணு வெச்சியே, முதல்ல அதை எடு. அப்புறம் அவளைக் கூப்பிடு."