கைராசியான முதல் வெட்டு

கோத்தகிரித் தபால்காரர் போஜன், ஞாயிறுதோறும் பங்களாக்களில் புல் வெட்டும் தொழில் தொடங்க நினைத்தார். கையிருப்பு ஒரே ஓர் இயந்திரத்துக்குத்தான் போதும்.

புல்வெட்டும் இயந்திரக் கடை முதலாளி வரதராஜுலு, கையால் தள்ளும் சின்னதை ஒதுக்கிவிட்டு, உட்கார்ந்து ஓட்டும் பெரிய இயந்திரத்தைத் தட்டிக் காட்டினார். “சின்னதைத் தள்ளிக்கிட்டுப் போனா எவன்யா மதிப்பான்? இதை வாங்கு. இல்லாட்டி தபாலே கொடுத்துக்கிட்டு இரு.”

“உங்க கைராசி ஊரறிஞ்சது முதலாளி. முதல் வெட்டை உங்க வீட்டுப் புல்லிலேயே போட்டுக் கொடுங்க, வாங்கிக்கறேன்.”

பூரித்துப்போன முதலாளி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, கடைக்குப் பின்னாலிருந்த தன் வீட்டுக்கு ஓட்டிப்போனார். காட்டெருமைக்கு அஞ்சிக் குறுகலாக வைத்த தோட்டத்துக் கேட்டில் இயந்திரம் முட்டி நின்றது. உள்ளே புல் சீராக வெட்டப்பட்டிருந்தது.

“நான் தபால் போடுற பங்களா எல்லாத்துலயும் இதே கேட்டுதாங்க,” என்றார் போஜன். “உங்க புல்லை எது வெட்டுதோ, அதையே கொடுங்க.”