இருநூறு வேப்பங்கன்றுகள்

செங்கமலத்தின் நாற்றுப்பண்ணை குளத்தங்கரையில் இருந்தது. அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தவர் ஒருவர்தான். பெயர் தேவசகாயம். அவளைவிட இருபது வயது மூத்தவர். ரயில்வே கேட்டில் முப்பது வருடம் இருந்தவர். ஒரு நாளும் கேட்டைத் தாமதமாக மூடியதில்லை. ஓய்வு பெற்ற மறுவாரமே வந்து, “மரம் வளர்க்கச் சொல்லிக்கொடுங்கம்மா” என்று நின்றார்.

போன ஆடியில் அவரே பைகளில் விதைத்த வேம்பு இருநூறும் ஒரு சாண் உயரம் வந்திருந்தன. எல்லாம் உப்பளத்துக்காரர்களுக்கு. அவர்கள் வேலைக்குப் போகும் இரண்டு மைல் பாதையில் பொட்டு நிழல் கிடையாது. சித்திரையில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி அந்த வெயிலில் விழுந்தாள். வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை. மழை தொடங்கி உப்பள வேலை நின்றதும், பெண்கள் சேர்ந்து பாதையோரம் குழி வெட்டிவிட்டுக் காத்திருந்தார்கள்.

ஐப்பசியில் ஒரு மதியம் செங்கமலம் சொன்னாள்.

“குளம் நிறையுது. வேம்பை மேட்டுக்கு ஏத்திருங்க ஐயா. நான் டவுனுக்குப் போயிட்டு நாளைக்கு வந்துருவேன்.”

அவள் போனபின் வானம் கொஞ்சம் வெளுத்தது. அவருக்கு முதுகு வலித்தது. விடிந்ததும் ஏற்றிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனார்.

விடிவதற்குள் குளம் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்தது. பண்ணையில் எட்டு நாள் தண்ணீர் நின்றது. வடிந்தபிறகு செங்கமலம் ஒரு கன்றை இழுத்தாள். வேர் கறுத்து, தோல் உரிந்து கையோடு வந்தது. அடுத்ததும் அப்படித்தான். பத்தாவது கன்றோடு நிறுத்திவிட்டாள்.

“மறுபடி விதைச்சிரலாமா?” என்றார் அவர்.

“பழைய வேப்ப விதை முளைக்காது. ஆனியில பழம் உதிரணும்.”

“உப்பளத்துக்காரங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை...”

“நீங்க போங்க.”

“மழையில போச்சுன்னு சொல்லிரவா?”

“நடந்ததைச் சொல்லுங்க.”

போனார். சாயங்காலம் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“சொன்னீங்களா?”

“சொன்னேன். அம்மா ஏத்தச் சொன்னாங்க, நான் ஏத்தலைன்னேன்.”

“ஏசினாங்களா?”

“இல்லம்மா. ஏசியிருக்கலாம்.” அவர் குரல் இறங்கியது. “முத்துக்கனின்னு ஒரு பொண்ணு. அதோட பிள்ளைதான் போச்சு. கொஞ்ச நேரம் என்னையே பாத்துச்சு. ‘சாப்பிட்டீங்களா அண்ணாச்சி’ன்னு கேட்டுச்சு. சோறு போட்டாங்க. என்னால முழுங்க முடியலை.”

“குழியெல்லாம்?”

“பிள்ளைங்க விழுந்துரும்னு மூடிக்கிட்டிருந்தாங்க. நானும் மண்வெட்டி கேட்டேன். கொடுக்கலை.”

செங்கமலம் செத்த கன்றுகளின் பைகளைக் கிழித்து மண்ணைக் குவித்துக்கொண்டிருந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பையை எடுத்துக் கிழிக்கத் தொடங்கினார்.

“ஆனியில நானூறு போடுறேம்மா. அப்ப சரியாயிரும்ல?”

“ஆகாது ஐயா. இந்த வருஷம் போனது போனதுதான். அது அடுத்த வருஷத்துக் கன்னு.”

அவர் கை நின்றது.

“பின்னே எதுக்கு வளர்க்கணும்?”

அவள் தலை நிமிராமல் அடுத்த பையை எடுத்தாள்.

“அடுத்த வருஷமும் வெயில் அடிக்குமே.”