டம்மி பொத்தான்

பாப்பா தொட்டிலில் தூங்குது. முருங்கைக்கீரை உருவி முடிப்பதற்குள் சொல்லிவிடலாம், சின்னக் கதைதான்.

ஒரு ஊரில் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. அந்தக் காரை மூன்று மாடலாக விற்றார்கள். டாப் மாடலில் பொத்தானை அமுக்கினால் கண்ணாடி தானாக இறங்கும். நம்ம கார் பேஸ் மாடல். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றணும். டாப் மாடலில் பொத்தான் இருக்கிற இடத்தில், இதில் ஓட்டையை அடைக்க ஒரு டம்மி பொத்தான் வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒயரே கிடையாது.

பக்கத்திலிருந்த ஏ.சி. பொத்தானுக்கு அதைக் கண்டாலே இளக்காரம்.

"என்னப்பா, இன்னிக்கு என்ன வேலை பார்த்தே?"

"அமுக்குனாங்க. லேசா ஆடுனேன்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

கதவிலிருந்த கைப்பிடிக்குப் பொறுக்கவில்லை. "நீ ரொம்பத்தான் பேசாத. உனக்குக் கேஸ் தீர்ந்து எத்தனை நாளாச்சு? வெறும் காத்தைத்தானே ஊதிக்கிட்டு இருக்க!"

டம்மியை அமுக்குகிறது யார் தெரியுமா? கார்க்காரர் சின்னராசுவின் குட்டிப் பெண் தேன்மொழி. அம்மா மடியில் உட்கார்ந்துகொண்டு ஒரே அமுக்கு. உடனே சின்னராசு கன்னத்தை உப்பிக்கொண்டு "டுர்ர்ர்" என்பார். "பிளேன் பறக்குது!" என்று அவள் குதிப்பாள். டம்மிக்குப் பெருமை தாங்காது.

ஒரு காதுகுத்து வீட்டு வாசலில் சின்னராசு கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருந்தார். டாப் மாடல் வைத்திருக்கிற மச்சினன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன மாமா, இன்னும் மாவாட்டிக்கிட்டு இருக்கீங்க?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாளே கார், கண்ணாடிக்குப் பொத்தான் மாட்டித் தருகிற பிட்டிங் கடையில் நின்றது.

"அண்ணே, என்னைய எடுத்துருவாங்களா?" என்றது டம்மி.

"என்னையுந்தான்டா," என்றது கைப்பிடி.

பிட்டர் கைப்பிடியைக் கழற்றி ஓரமாக வைத்தார்; டம்மியை நெம்பி எடுத்துக் குப்பை டப்பாவில் போட்டார். புதுசு ஒன்று அந்த இடத்தில் உட்கார்ந்தது. "தள்ளு, தள்ளு. எனக்குப் பின்னால எவ்வளவு ஒயரு பாத்தியா?"

வீட்டுக்குத் திரும்பும்போது தேன்மொழி அமுக்கினாள். கண்ணாடி வழுக்கிக்கொண்டு இறங்கியது. "பாத்தீங்களா!" என்றது புதுசு. சின்னராசுவும் கண்ணாடியைத்தான் பார்த்தார். குழந்தை அப்பாவின் வாயைப் பார்த்தாள். இன்னொரு தரம் அமுக்கினாள். கண்ணாடி ஏறியது.

"அப்பா, பிளேன் கெட்டுப்போச்சா?"

சின்னராசு அவசரமாக "டுர்ர்" என்றார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். "இது இல்ல. அந்தப் பிளேன்."

கார் வந்த வழியே திரும்பியது. ஏ.சி. பொத்தான்தான் முதலில் பதறியது. "சீக்கிரம் போய்யா, குப்பையைக் கொட்டிறப் போறாங்க!"

கடைக்குள் போனதும் சின்னராசு குப்பை டப்பாவுக்குள் கையை விட்டார்.

"என்னண்ணே தேடுறீங்க?" என்றார் பிட்டர்.

"பிளேன்."

ஒயர்த் துண்டுகளுக்கு அடியில் கிடந்த டம்மிக்கு அந்தக் குரல் கேட்டது. கை இன்னும் எட்டவில்லை. யாரும் அமுக்காமலே அது முதல் தடவையாக...

"செண்பகம்! பாப்பா தொட்டிலைவிட்டு இறங்கப் பாக்குது!"

இதோ வந்துட்டேன் அத்தை. அது என்ன பண்ணுச்சுன்னா, மெதுவா, லேசா ஆடு...