புண்ணின் நடுவில் தோல்

ஜவ்வாது மலைச் சரிவில் ஒரு சிறு மடம் இருந்தது. அதை நடத்தியவர் அறம்வளர்த்தம்மை. துறவுக்கு முன் தோல் மருத்துவம் படித்தவர். மடத்தை ஒட்டி ஒரு மருந்தகமும் வைத்திருந்தார். அவரிடம் சீடராக வந்த பேரின்பநாயகம் வயதில் அவரைவிட மூத்தவர். ஆனாலும் ‘அம்மா’ என்றுதான் கூப்பிட்டார். அம்மை அவரை ‘ஐயா’ என்றார்.

பேரின்பநாயகம் கோர்ட்டில் அமீனாவாக இருந்தவர். தீர்ப்பான வீடுகளுக்குப் போய்ச் சாமான்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கணக்கெழுதி, தெருவில் எடுத்து வைப்பது அவர் வேலை. அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தாலும் இறக்கி வெளியே வைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவார். ஓய்வு பெற்ற பிறகும் அவர் தலையைக் கண்டால் தெருப்பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடிவிடும்.

வந்த அன்றே கேட்டார்.

“இந்த வயதில் ஒருவன் வேறு ஆளாக முடியுமா, அம்மா?”

அம்மை, ஒரு குழந்தைக்குக் கட்டு மாற்ற வேண்டும், வந்து பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

குழந்தையின் பெயர் வெள்ளச்சி. மூன்று வயது இருக்கும். தாய் இல்லை. தகப்பன் தாண்டவன் தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில் அடுப்பிலிருந்த சாமைக் கஞ்சிப் பானையை இழுத்து, அது சாய்ந்ததும் திரும்பி ஓடப்பார்த்து முதுகில் கொட்டிக்கொண்டாள். கீழே பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி உயிருக்குப் பயமில்லை என்றான பிறகு இங்கே அனுப்பியிருந்தார்கள். தாண்டவன் காட்டு வேலைக்குப் போகும் நாளெல்லாம் மடத்திலேயே அவளை விட்டுவிட்டுப் போனான்.

கட்டைப் பிரித்ததும் குழந்தை துள்ளினாள். பேரின்பநாயகம் “அசையாதே” என்றார். அது அமீனாவின் குரல். குழந்தை அப்படியே உறைந்துபோனாள். அழவும் இல்லை. அவர் மடியை நனைத்துவிட்டாள்.

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் தன்னால் ஆகாது, வேறு யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னார். வேறு யாரும் இல்லை என்று சொல்லி அம்மை குழந்தையை அவர் மடியில் கிடத்தினார்.

வாயைத் திறக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. குழந்தை விசும்பிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். ஏதாவது சொல்ல வேண்டும். தாலாட்டு ஒன்றும் தெரியாது. வாழ்நாளெல்லாம் சொல்லிப் பழகியதுதான் வந்தது. குரலை மட்டும் இறக்கிக்கொண்டார்.

“பித்தளைச் சொம்பு ஒன்று… கோரைப்பாய் ஒன்று… கால் ஆடுகிற முக்காலி ஒன்று…”

குழந்தை விசும்பலை நிறுத்திக் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்.

“ஆட்டுக்குட்டி ஒண்ணு.”

“ஆட்டுக்குட்டி ஒன்று” என்று அவர் ஒப்புக்கொண்டார்.

நிலா வந்தது, ஓணான் வந்தது, அப்பாவின் துண்டு வந்தது. கட்டு மாற்றி முடிந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

அதன்பின் அவர் இல்லாமல் குழந்தை கட்டுக்கு உட்காரவில்லை. மல்லாந்து படுக்க முடியாததால் அவர் மார்பின்மேல் குப்புறப் படுத்தே தூங்கினாள். அவள் எழுந்துவிடக் கூடாதே என்று அவர் மூச்சைக்கூடச் சின்னதாக விடுவார்.

இருந்தும் அவர் மனம் ஆறவில்லை. ஒருநாள் அம்மையிடம் சொன்னார்.

“குழந்தையைத் தூங்கவைக்க வாயைத் திறந்தால் ஜப்திப் பட்டியல்தான் வருகிறது. நான் மாறவே இல்லை, அம்மா.”

அம்மை அவரைக் குழந்தையின் அருகே அழைத்துப் போய்க் கட்டைப் பிரித்தார். கையில் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்தார்.

சிவந்த புண்ணின் நடுவே வெளிறிய சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன.

“என்ன இது?”

“தோல்.”

“தோல் ஓரத்திலிருந்துதானே வளரும்? நடுவில் எப்படி வந்தது?”

“மேலே இருந்ததெல்லாம் வெந்துவிட்டது. மயிர்க்கால்கள் ஆழத்தில் இருந்ததால் தப்பித்தன. அங்கே இருக்கிற செல்களுக்கு மயிர் வளர்ப்பது ஒன்றுதான் வேலை. மேலே புண் என்றானதும் ஏறி வந்துவிட்டன. வந்த இடத்தில் தோலாகின்றன.”

அவர் கண்ணாடியை விலக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்ததும் மாறிவிடுமா?”

“இல்லை. கொஞ்ச காலம் இரண்டும் கலந்து இருக்கும். மயிர்க்காலின் குணமும் போயிருக்காது, தோலின் குணமும் முழுதாக வந்திருக்காது.”

“அதுவரை?”

“அதுவரையும் புண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கும்.”

பேரின்பநாயகம் கண்ணாடியைக் கீழே வைத்தார். குழந்தை சலித்துப்போய் அவர் விரலைப் பிடித்து இழுத்தாள். அவர் மெல்ல ஆரம்பித்தார். “பித்தளைச் சொம்பு ஒன்று…”

புள்ளிகள் பரந்து ஒன்றோடொன்று சேர்ந்தன. மழைக்காலம் முடிவதற்குள் முதுகு முழுவதும் மூடிவிட்டது. புதுத்தோல் வெளிறி, மெல்லியதாக இருந்தது. வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தினமும் எண்ணெய் தடவ வேண்டும் என்று அம்மை தாண்டவனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தாண்டவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு பேரின்பநாயகத்தின் பக்கம் திரும்பினான்.

“விடியறதுக்குள்ள நான் வேலைக்குப் போயிடுவேன் சாமி. பொழுது சாஞ்சுதான் வருவேன். பகல்ல ஊட்டுல யாருமில்ல. நீங்க வந்து எங்களோட இருப்பீங்களா?”

பேரின்பநாயகம், அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று உள்ளே போனார். அம்மை கட்டுத்துணிகளைக் கொதிநீரில் போட்டு அலசிக்கொண்டிருந்தார்.

“அந்தச் செல்கள், புண் ஆறியதும் மயிர்க்காலுக்குத் திரும்பிவிடுமா, அம்மா?”

“பலவும் நாளடைவில் உதிர்ந்துவிடும். சில தோலாகவே தங்கிவிடும். எவை தங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.”

அவர் வாசலைப் பார்த்தார். குழந்தை தகப்பனின் தோளிலிருந்து இறக்கிவிடச் சொல்லி அடம்பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அவளுக்கு நான் அப்பனும் இல்லை, பாட்டனும் இல்லை. துறவியும் ஆகவில்லை. அந்த வீட்டில் போய் நான் யாராக இருப்பேன்?”

அம்மை ஒரு துணியைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டார்.

“அங்கே யாருமில்லை என்றுதானே சொல்கிறான், ஐயா. முதலில் போய் இருங்கள். யாராக என்பது பிறகு வரும்.”